முதல் முறை வாக்கன் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியவை: சேறு, காது, கூட்டம், கழுத்து

கேள்வி இது: "ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். இரண்டு நண்பர்களோடு முதல் முறையாக வாக்கன் ஓப்பன் ஏர் மெட்டல் திருவிழாவுக்குப் போகிறேன். சின்ன கிளப் கச்சேரிகள் பார்த்த பழக்கம் உண்டு. இவ்வளவு பெரிய கூட்டத்தில் நின்றதில்லை. பிடித்த பேண்டை முன்வரிசையில் நின்று பார்க்க வேண்டும், ரசிகர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி ஆடும் பிட்டுக்குள்ளும் போக வேண்டும். எப்படித் தயாராவது?"

வாக்கன் புதன் முதல் சனி வரை நான்கு நாள் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் புதன்கிழமையே தொண்டை, கால், கழுத்து மூன்றையும் தீர்த்துவிடுகிறார்கள். எந்த பேண்டுக்காக டிக்கெட் வாங்கினார்களோ அது வெள்ளிக்கிழமை இரவு மேடையேறும்போது எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கூடாரத்தில் கிடக்கிறார்கள். ஆகவே அட்டவணை வந்தவுடன் ஒரு நாளைக்கு இரண்டு பேண்ட் மட்டும் "இதற்கு உயிரைக் கொடுப்பேன்" என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பின்னால் புல்லில் உட்கார்ந்து கேட்டாலும் நன்றாகவே இருக்கும்.

அடுத்தது நிலம். வாக்கன் என்பது வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் சுமார் இரண்டாயிரம் பேர் வசிக்கும் விவசாய கிராமம். 1990-இல் தோமஸ் யென்சனும் ஹோல்கர் ஹூப்னரும் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சரளைக் குழியில் நடத்திய முதல் விழாவுக்கு வந்தது 800 பேர் அளவில்தான். இப்போது 85,000 பேர் வரை வருகிறார்கள். ஆனால் கூடாரம் போடும் இடம், கார் நிறுத்துமிடம், மேடைக்கு முன்னால் உள்ள மைதானம் எல்லாம் இன்றும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். மழை பெய்தால் வடிய இடமில்லை. 2023-இல் விழாவுக்கு முன்பே கொட்டிய மழையில் நிலம் வண்டிகளைத் தாங்கவில்லை. அமைப்பாளர்கள் பாதியில் நுழைவையே நிறுத்திவிட்டார்கள். சுமார் 50,000 பேர் உள்ளே இருந்தார்கள், மீதிப் பேர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. அதனால் என் முதல் ஆலோசனை: காரில் போகாதீர்கள். ஹம்பர்க்கிலிருந்து இட்சஹோ வரை உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரம் அளவுக்குத்தான் பயணம், டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு செல்லும். இட்சஹோ நிலையத்திலிருந்து ஷட்டில் பஸ் இருக்கிறது. கார் கொண்டுபோனவர்கள் மழை ஆண்டுகளில் டிராக்டர் வந்து இழுக்கும்வரை உள்ளேயும் போக முடியாது, ஞாயிற்றுக்கிழமை வெளியேயும் வர முடியாது.

மூன்று பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் போய் இறங்குங்கள். பின்னால் வருகிற நண்பருக்கு இடம் பிடித்து வைக்க அங்கே வழியில்லை. கூடாரம் போடும்போது டிராக்டர் தடம் பதிந்த பள்ளத்தைத் தவிருங்கள், தண்ணீர் முதலில் அங்கேதான் நிற்கும். அடியில் விரிக்கும் தரைவிரிப்பு கூடாரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் கூரையிலிருந்து வடியும் மழை விரிப்பின் மேல் இறங்கி நேராக உங்கள் முதுகுக்கு அடியில் வந்து சேரும். முந்நூறு யூரோ கூடாரத்திலும் நனைந்து தூங்குகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் நனைகிறார்கள். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி ஆணி இளகிய மண்ணில் நிற்காது. இருபது சென்டிமீட்டருக்குக் குறையாத, குறுக்குவெட்டில் வி அல்லது ஒய் வடிவமுள்ள ஆணிகளைத் தனியாக வாங்கி, தலைப்பகுதி கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாயும்படி அடியுங்கள். ஆகஸ்ட் தொடக்கம் என்றாலும் இரவில் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கும். அதற்கேற்ற தூக்கப்பை வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிக் கூடாரங்களுக்கு நடுவே உங்களுடையதைக் கண்டுபிடிக்க, உயரமான கழியில் ஒரு கொடி கட்டிவிடுங்கள்.

கால் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முழங்காலுக்குக் கீழ்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி, வெயில் நாளுக்குப் பழகிய கணுக்கால் பூட்ஸ் ஒரு ஜோடி. ரப்பர் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக இருந்தால் வசதி என்று நினைத்து வாங்குவார்கள். சேற்றில் கால் புதையும்போது அடியில் காற்றில்லாத பிடிப்பு உண்டாகி பூட்ஸ் மண்ணிலேயே நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். தடித்த கம்பளிக் காலுறையோடு இறுக்கமாகப் பொருந்தும் சைஸை எடுங்கள். அப்படி மாட்டிக்கொண்டால் நேராக மேலே இழுக்காமல், குதிகாலை முதலில் தூக்கிப் பக்கத்தில் காற்று புகவிட்டு இழுத்தால் வந்துவிடும். ஒரு ஜோடி காலுறையைத் தூக்கப்பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள், அது எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது. ராத்திரி ஆறு மணி நேரமாவது கால் காய்ந்திருந்தால்தான் தோல் ஊறி வெடிக்காமல் நான்கு நாள் தாங்கும்.

இனி காது. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஏனென்றால் கால் கொப்புளம் ஆறும், உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. கணக்கைப் பாருங்கள். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ் ஒரு நாளைக்குப் பாதுகாப்பான எல்லையாகச் சொல்வது 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒன்று, 97-இல் அரை மணி, 100-இல் பதினைந்தே நிமிடம். ஜெர்மனியில் பொது நிகழ்ச்சிகளுக்கான தர விதி, பார்வையாளர் பகுதியிலேயே சத்தம் மிக அதிகமான இடத்தில் அரை மணிச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரம் பதினைந்து நிமிடச் சராசரி 100 என்கிறது. அதாவது விதிப்படி நடக்கும் கச்சேரியிலேயே, காதடைப்பு இல்லாமல் முன்னால் நின்றால், மூன்றாவது நான்காவது பாட்டு முடிவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும்.

இரண்டு வகை இயர்பிளக் எடுத்துப் போங்கள். ஒன்று, இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் ஃபில்டர் வைத்த சிலிக்கான் பிளக். இது எல்லா அலைவரிசையையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் சிம்பலும் குரலும் தெளிவாகவே கேட்கும், கிட்டார் ரிஃப்பின் விளிம்பு மழுங்காது. இன்னொன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் பிளக். இது மேல் அலைவரிசையை அதிகமாக வெட்டும், இசை போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும், ஆனால் பாதுகாப்பு அதிகம். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதியைத்தான் நம்ப வேண்டும். 20 என்று போட்ட பிளக் நடைமுறையில் 10 குறைத்தாலும், 100 டெசிபல் 90 ஆகிறது, பதினைந்து நிமிடம் இரண்டரை மணி நேரமாகிறது. 35 போட்ட ஃபோம் பாதி வேலை செய்தாலும் நாள் முழுக்கத் தாங்கும். கேட்டே ஆக வேண்டிய பேண்டுக்கு ஃபில்டர் பிளக், ஸ்பீக்கர் பக்கம் நிற்க நேர்ந்தாலோ இடைப்பட்ட நேரங்களுக்கோ ஃபோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோம் பிளக் போடும் முறையில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். கை சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். பிளக்கை இரு விரலுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாத மெல்லிய குச்சியாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், வளைந்த துளை நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே தலைக்குள் கனமாக எதிரொலித்தால் சரியாக உட்கார்ந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பிளக் பாதிக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. கூடவே கத்திப் பாடும்போது தாடை அசைந்து பிளக் மெல்ல நழுவும், வியர்வையும் சேர்ந்து தளர்த்தும். ஒவ்வொரு பேண்ட் மாறும்போதும் சரிபாருங்கள். பாட்டு நடுவில் நண்பரிடம் பேச பிளக்கைக் கழற்றாதீர்கள், அவர் பிளக்குக்கு நேராக வாயை வைத்துப் பேசினாலே போதும்.

எங்கே நிற்பது? முன்வரிசை ஆசை நியாயமானது. கலைஞனின் விரலையும் முகத்தையும் அவ்வளவு பக்கத்தில் பார்ப்பதற்கு ஈடில்லை. ஆனால் ஒலி அங்கே சிறப்பாக இருக்காது. பிரதான ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்கி, உங்கள் தலைக்கு மேலாகப் பின்னாலிருக்கும் கூட்டத்தை நோக்கித் திரும்பியிருக்கும். மேடைக்கு முன்னால் உள்ள தடுப்பில் நிற்பவருக்குக் கிடைப்பது கீழே அடுக்கிய சப்வூஃபரின் அடியும், மேடையிலிருந்து நேராக வரும் டிரம்ஸும்தான். குரல் பெரும்பாலும் அமுங்கியிருக்கும். ஒலியமைப்பாளர் உட்கார்ந்திருக்கும் மிக்ஸர் கோபுரத்துக்குச் சற்று முன்னால், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் விலகி நில்லுங்கள். அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் கலக்குகிறார். சரியாக நடுக்கோட்டில் பேஸ் குவியும், அதனால்தான் சற்று விலகச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு பேண்டை முன்வரிசையில் பாருங்கள், இன்னொன்றை மிக்ஸர் அருகே கேளுங்கள்.

முன்வரிசை பிடிக்க வாக்கனில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஃபாஸ்டர், ஹார்டர் என்ற இரண்டு பெரிய மேடைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றில் பேண்ட் வாசிக்கும்போது மற்றதில் அடுத்த பேண்டுக்கான ஏற்பாடு நடக்கும். உங்கள் பேண்ட் ஹார்டரில் ஒன்பது மணிக்கு என்றால், ஹார்டரில் அதற்கு முந்தைய பேண்ட் முடிந்தவுடன் கூட்டம் கலையும் அந்தச் சில நிமிடத்தில் முன்னால் போய்விடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் பக்கத்து மேடையைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்பது மணிக்கு முன்னேற முயல்கிறவர்களுக்குக் கிடைக்காத இடம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதற்குமுன் கழிவறை போய்விட்டு வாருங்கள், அரை லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பீரோடு முன்வரிசைக்குப் போனால் பாதியில் வெளியே வர வேண்டியதுதான்.

கூட்ட அழுத்தம் பற்றி இங்கே நிதானமாகப் படியுங்கள். 1988 ஆகஸ்ட் 20 அன்று இங்கிலாந்தின் டோனிங்டனில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்கில், கன்ஸ் அண்ட் ரோசஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, மழையில் சேறான மைதானத்தில் முன்பகுதிக் கூட்டம் சரிந்து இரண்டு ரசிகர்கள் இறந்தார்கள். இப்படி இறப்பவர்கள் பெரும்பாலும் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுதான் இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் இருந்தால் நெருக்கடி, ஆனால் நகரலாம். ஆறு ஏழு பேர் என்றாகிவிட்டால் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது, பின்னால் ஒருவர் தள்ளியது அலையாகி முன்னால் வந்து மோதும். அடையாளம் எளிது: கையைக் கீழேயிருந்து முகத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை என்றாலோ, நீங்கள் நகராமலே இடம் மாறிக்கொண்டிருந்தாலோ வெளியேறும் நேரம் வந்துவிட்டது. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, இரு முன்கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குத்துச்சண்டை வீரர்போல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சாண் இடைவெளிதான் நுரையீரலுக்கான இடம். அலை வரும்போது எதிர்த்துத் தள்ளாதீர்கள், சக்தி தீர்ந்துவிடும். அலையோடு போய், அது ஓயும் கணத்தில் பின்பக்கமாகக் குறுக்கே இரண்டு எட்டு வையுங்கள். மறுபடி அலை, மறுபடி குறுக்கே. தடுப்பில் நிற்பவர் என்றால் முன்னாலிருக்கும் செக்யூரிட்டியின் கண்ணைப் பார்த்து இரு கையும் நீட்டுங்கள், தூக்கி எடுத்துவிடுவார்கள். அந்த வேலையை அவர்கள் அருமையாகச் செய்கிறார்கள்.

பிட் இதைவிடப் பயமுறுத்தும் தோற்றம் கொண்டது, உண்மையில் இதைவிட ஆபத்து குறைந்தது. காரணம், அங்கே இடம் இருக்கிறது, எழுதாத ஒழுங்கும் இருக்கிறது. யாராவது விழுந்தால் பக்கத்திலிருக்கும் நான்கு பேர் கையை விரித்து வட்டம் கட்டி நிற்பார்கள், இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். நீங்களும் அதையே செய்ய வேண்டும். கீழே கிடந்த ஷூவோ மொபைலோ கிடைத்தால் தலைக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள், உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். தோளும் நெஞ்சும் மோதலாம். முழங்கையோ முஷ்டியோ யாரையும் தொடக் கூடாது, கை உங்கள் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். விளிம்பில் நின்று வருகிறவர்களை நோகாமல் தள்ளிவிடுகிறவர்கள் விளையாட்டில் பங்கெடுப்பவர்கள், அங்கே முதலில் நின்று பாருங்கள். 2013-இல் கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் இந்தக் கூட்டங்களின் வீடியோக்களை ஆராய்ந்தார்கள். மாஷ் பிட் வாயு மூலக்கூறுகளைப் போலத் தாறுமாறாக மோதுகிறது, சர்க்கிள் பிட் சுழல்போல் ஒரு திசையில் ஓடுகிறது, அதுவும் பெரும்பாலும் இடஞ்சுழியாக ஓடுகிறது என்று கண்டார்கள். ஆகவே சர்க்கிள் பிட்டில் புகும்போது ஓட்டத்தின் திசையைப் பார்த்து, ஓடிக்கொண்டே சேருங்கள். குறுக்கே புகுந்தவர்தான் விழுவார். கூட்டத்தை இரண்டாகப் பிரித்து மோதவிடும் வால் ஆஃப் டெத் அறிவித்தால், முதல் முறை முதல் வரிசையில் நிற்காதீர்கள், ஐந்தாவது ஆறாவது வரிசையிலேயே போதுமான வேகம் கிடைக்கும். சேறு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கண்ணாடி அணிபவர் என்றால் விளையாட்டு வீரர்களுக்கான பட்டை மாட்டுங்கள். மொபைல் ஜிப் வைத்த பையில். கம்மல், மூக்குத்தி, கூரான ஆணி வைத்த கைப்பட்டை எல்லாம் கூடாரத்தில். கூட்டத்தின் கைகளில் தலைக்கு மேலாக மிதந்து செல்லும் கிரவுட் சர்ஃபிங் போகிறவர்கள் உடம்பை விறைப்பாக வைத்து, காலைச் சேர்த்து, யார் முகத்திலும் பூட்ஸ் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்னால் நிற்கிறவர் சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தால் பின்மண்டையில் உதை வாங்க மாட்டார். மேலே வருகிறவரின் தலையையும் இடுப்பையும் தாங்குங்கள். சக்கர நாற்காலியோடு ரசிகர்களைத் தலைக்கு மேல் கொண்டுசெல்லும் காட்சியையும் வாக்கனில் பார்ப்பீர்கள், அதற்கு ஒரே சமயத்தில் நிறையக் கை வேண்டும், பக்கத்தில் இருந்தால் கொடுங்கள்.

தாளத்துக்கு ஏற்பத் தலையை வீசி ஆடும் ஹெட்பேங்கிங்குக்கு வருவோம். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, இப்படி ஆடப்படும் பாட்டுகளின் சராசரி வேகம் நிமிடத்துக்கு 146 தட்டு என்றும், அந்த வேகத்தில் தலை 75 டிகிரிக்கு மேல் வளைந்து ஆடினால் லேசான தலைக்காயத்துக்கு வாய்ப்புண்டு என்றும் கணக்கிட்டது. ஸ்லேயர் பேண்டின் பாடகர் டாம் அராயா 2010-இல் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு மேடையில் ஹெட்பேங் செய்வதையே நிறுத்தினார். இதற்காக ஆடாமல் இருக்க வேண்டாம், ஆடும் விதத்தை மாற்றுங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, அசைவு இடுப்பிலிருந்து கிளம்பட்டும். கழுத்து அதன் தொடர்ச்சியாக வரட்டும், தனியாக வீசப்படக் கூடாது. வேகமான த்ராஷ் பாட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டாம், ஒன்று விட்டு ஒன்று ஆடினால் தாளம் இன்னும் கனமாகத் தெரியும். காலையில் கழுத்தை மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். விறைப்பு சாதாரணம். கை மரத்துப்போவது, விடாத தலைவலி, இரட்டைப் பார்வை சாதாரணமல்ல, உடனே முதலுதவிக் கூடாரத்துக்குப் போங்கள். மோட்டர்ஹெட் கச்சேரியில் ஹெட்பேங் செய்த 50 வயதுக்காரர் ஒருவருக்கு மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியதை ஹானோவர் மருத்துவர்கள் 2014-இல் லான்செட்டில் பதிவு செய்தார்கள். மிக அபூர்வம்தான், அவரும் குணமானார். வாரக்கணக்கில் நீடித்த தலைவலிதான் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, சைவமும் கிடைக்கும். கைப்பட்டைச் சிப்பில் பணம் ஏற்றிச் செலவழிக்கும் முறை இருப்பதால் ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். கிராமத்து மக்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே காலை உணவு விற்பார்கள், அதற்குக் கொஞ்சம் ரொக்கம் உதவும். வெயில் நாளில் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலம். மைதானத்துக்குள் அனுமதிக்கும் பையின் அளவையும் பாட்டில் விதியையும் கிளம்புவதற்கு முன் அந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். கண்ணாடிப் பொருள் முகாமுக்குள்ளேயே கூடாது.

பெரிய பெயர்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கினால் பாதி வாக்கனை இழப்பீர்கள். புல்ஹெட் சிட்டி கூடாரத்தில் மெட்டல் பேட்டில் போட்டியில் உலகெங்குமிருந்து தேர்வாகி வந்த இளம் பேண்டுகள் வாசிக்கும், இந்தியத் துணைக்கண்டத்துக்கும் அதில் இடமுண்டு. டில்லியின் பிளடிவுட் பேண்ட் 2019-இல் வாக்கன் மேடையேறித்தான் ஐரோப்பிய ரசிகர்களைப் பிடித்தது. இங்கே கூட்டம் குறைவு, கூரை உண்டு, முன்வரிசை சுலபம். பிட்டைப் பழகிக்கொள்ளவும் இதுதான் சரியான இடம், புதன்கிழமை இங்கிருந்து தொடங்குங்கள்.

திரும்பி வந்த பிறகு ஓரிரு நாள் ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள். காதில் லேசான ரீங்காரம் பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். செவ்வாய்க்கிழமையும் அது இருந்தாலோ, ஒரு காது மட்டும் அடைத்ததுபோல் இருந்தாலோ தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், ஜெர்மனியில் ஹா-என்-ஓ என்று கேட்டால் தெரியும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கும் சிகிச்சைக்குத்தான் பலன் அதிகம். அதனால் அப்பாயிண்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்துத்தான் என்று சொன்னால், திருவிழாவுக்குப் பிறகு கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்பதைச் சொல்லி அன்றே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.